ஆபிரிக்கக் கானகத்தில் எட்டு இரவுகள்

காட்டிலே தங்குவது என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் வருவது வில்பத்து வனத்து வங்களாவாகும். முன்கூட்டியே அனுமதி பெற்று, அரிசி பருப்பு முதல் தீப்பெட்டி ஈறாக யாவற்றையும் வண்டியில் ஏற்றிச் சென்று, காவலாளர் சமைத்துத் தருவதை உண்டு, வில்லு எனப்படும் நீர்நிலையின் கரையில் மான்கூட்டம் இறங்குவதைப் பார்த்திருப்பதிலுள்ள சுகம் அனுபவித்தவர்க்கே தெரியும். ஆபிரிக்காக் கண்டத்தின் தென்பகுதியிலோ இவ்வாறு காட்டில் தங்குவதை ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்துவிட்டார்கள். அங்கே அது ஒரே வகையானதுமன்று. வேலிக்குள் தங்குவது ஒன்று. வேலியின்றித் தங்குவது மற்றொன்று. ஜொகன்னஸ்பேர்க் நகரில் கணக்காளராக இருக்கும் எம் மைத்துனர், "அத்தான், ஓகஸ்ட் விடுமுறைக்கு ஒருமுறை வாருங்கள், செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்று பல ஆண்டுகளாக அழைத்ததன் பயனாக இவ்விரண்டையும் நான்கு நான்கு இரவுகள் அனுபவிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

முதலில் தென்னாபிரிக்காவின் குரூகர் தேசிய வனம். ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கை முழுவதையும் மூன்று கூறாக்கினால் ஒரு கூறுக்குச் சற்றே குறையும். இதன் தென்பகுதியை 1898 இல் ஜனாதிபதி குரூகர் காப்புக்காடாகப் பிரகடனஞ் செய்தார். 1926 இல் அது தேசிய வனமாயிற்று. அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது உள்ளே வந்த மோட்டார் கார்கள் மூன்றே மூன்று! இதற்குமுன் 1923 முதல் புகையிரதப் பகுதியினர் நடத்திய சுற்றுலாவில், இரயில் இக்காட்டின் நடுவே ஓரிரவு நின்று போயிற்று. சீமான்களும் சீமாட்டிகளும் பெட்டியிலிருந்து இறங்கித் தீ மூட்டிச் சிங்கத்தின் கர்ச்சனை கேட்டு மீண்டார்கள். காட்டை வைத்துக் காசு தேடலாம் என்னும் எண்ணம் அதிகாரிகளுக்கு உதித்ததில் அந்த இரயிலுக்கும் ஒரு பங்குண்டு என்பர்.

இங்குள்ள முகாம்களிற் பெரியது ஸ்குகுசா. முகாம் என்று சொல்கிறோமேயன்றி, அது ஒரு சிறு பட்டினம். கடை, எண்ணெய் நிலையம், வைத்தியர், நூல்நிலையம் எல்லாம் உள. புல் வேய்ந்த வட்டக் குடிசைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உள்ளே கட்டில், குளிர்பெட்டி, வெந்நீர். வாயிற்புறத்தே இறைச்சி சுடும் இரும்பு அடுப்பு ஒன்று தவறாது உண்டு. மாலையானதும் நூறு அடுப்புகளிலிருந்து புகை எழும். மரக்கறி உண்பவனுக்கு அது சற்றே சோதனையான வேளை. மைத்துனர் அந்த அடுப்பிலேயே கத்தரிக்காய் சுட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டுச் சம்பல் செய்து தந்தார். அயற்குடிசையினர் அதன் வாசனைக்கு எட்டிப் பார்த்தனர்.

குரூகர் வனத்தின் விதிகள் கண்டிப்பானவை. ஓகஸ்ட் மாதத்திலே காலை ஆறு மணிக்கு முகாம் வாயில் திறக்கும். மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும். பிந்தி வந்தால் தண்டம். தார் வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டலாகாது. குறித்த இடங்களிலன்றிக் காரைவிட்டு இறங்கலாகாது. ஆகையால் நாள் முழுவதும் காருக்குள் அடைபட்டும், இரவு முழுவதும் மின்சாரம் பாயும் வேலிக்குள் அடைபட்டும் இருப்பவன் மனிதனே. சிங்கமும் யானையும் தம்மிச்சைப்படி உலாவுகின்றன. யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு வேலி புதிதன்று. கிடுகு வேலியையும் பனைமட்டை வேலியையும் அறிவோம். ஒரு முழ எல்லைக்காக இரண்டு தலைமுறை கோடேறிய குடும்பங்களையும் அறிவோம். ஆனால் வேலியின் எந்தப் புறம் உட்புறம் என்று ஐயுற்றது அங்கேதான்.

மிருகங்களைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. அவற்றைப் படங்களில் எல்லோரும் கண்டிருப்பர். யானை, எருமை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை யாவும் கண்டோம். சிங்கம் ஒன்று வீதியோரத்தில் உறங்கக் கண்டோம். அதனைச் சுற்றி இருபது கார்கள். யாலவிலே சிறுத்தையைச் சூழ்ந்து ஜீப் வண்டிகள் முட்டிமோதும் காட்சியைக் கண்டவர்க்கு இது ஒன்றும் அதிசயமன்று.

அதிசயமாய் இருந்தது ஸ்குகுசா என்னும் பெயரின் வரலாறே. 1902 முதல் 1946 வரை இவ்வனத்தின் தலைமைக் காவலராயிருந்தவர் ஸ்டீவன்சன் ஹமில்ற்றன் என்னும் துரை. வேட்டைக்காரரை அடக்கியது மட்டுமன்றி, காலங்காலமாக அங்கே வாழ்ந்த குடிகளையும் அவர் காட்டைவிட்டு அகற்றினார். அதனால் சுதேசிகள் அவருக்கு இட்ட பெயர் ஸ்குகுசா. 'துடைத்துப் பெருக்குபவன்' என்பது அதன் பொருள் என்கிறார்கள். 1936 இல் அந்தப் பெயரையே முகாமுக்கும் சூட்டினார்கள். வசையைக் கௌரவமாக எடுத்துக்கொள்ளும் ஆற்றல் சில ஆட்சியாளர்களுக்கு இயல்பாகவே வாய்த்துவிடுகிறது! அங்காடியில் விற்கும் தேநீர்க் கோப்பைகளிலும் தொப்பிகளிலும் அப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாங்குவோரில் எத்தனை பேர் பொருளறிந்து வாங்குகின்றனரோ!

வனத்தின் வடகோடியில் மக்குலேக்கே என்னும் குடியினர் இருந்தனர். 1969 இல் நிறவெறி ஆட்சியினர் அவர்களையும் பெயர்த்து எறிந்தனர். 1998 இலே சுமார் 24,000 ஹெக்டயர் நிலம் அவர்களுக்கே மீண்டது. அவர்களோ அதிற் கலப்பையை வைக்கவில்லை. நிலத்தைக் காடாகவே விட்டு, விடுதி நடத்த விரும்பும் கம்பனிகளுக்கு இடங்கொடுத்து வருவாய் பெறுகின்றனர். அவ்வளவு தூரம் வடக்கே செல்ல நமக்கு நாட்கள் போதவில்லை.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் பலூலே என்னும் சிறு முகாமில் தங்கினோம். ஒலிபன்ற்ஸ் ஆற்றுக்கு அருகே, ஆறே ஆறு குடிசைகள். மின்சாரமில்லை; கடையில்லை; இரவுக்கு லாம்பு வெளிச்சம். பொழுது சாய்ந்ததும் கழுதைப்புலி ஒன்று கம்பி வேலியை ஒட்டி மேலும் கீழுமாக நடந்தது. அதன் மூச்சுக் கேட்குமளவு அண்மை. வசதி நிறைந்த முகாம்களை விட்டு இதனை மைத்துனர் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் வெள்ளையரல்லாத பிரயாணிகள் இரவு தங்குவதற்கென ஒதுக்கிவிடப்பட்டிருந்த முகாம் இதுவே.

அயற்குடிசையில் டர்பன் நகரத்து முதியவர் ஒருவர் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். 1860 இல் ட்ரூறோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு முதலாவதாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. அதன் பின்வந்த கப்பல்களுள் ஒன்றில் வந்தவர்களின் வழித்தோன்றல் அவர். தமிழ் அவர் நாவில் சில சொற்களாக மட்டுமே எஞ்சியிருந்தது. "வாங்க தம்பி, உட்காருங்க" என்று கதிரையைக் காட்டியபின் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். பத்து வயதில் தகப்பனாரோடு இதே முகாமுக்கு வந்ததாகச் சொன்னார். "பெரிய முகாம்களில் எங்கள் பணத்துக்கு இடமில்லை. ஆனால் தம்பி, கழுதைப்புலி அன்றும் இங்கேதான் வந்தது. வெள்ளைக்காரர் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை" என்று சிரித்தார். இப்போது எந்த முகாமிலும் தங்கலாமே, ஏன் இங்கே வந்தீர்கள் என்று வினவினோம். "பிள்ளைகள் பார்க்கட்டும் என்றுதான்" என்றார். பிள்ளைகளோ கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற வழியில்லையே என்று முகம் வாடியிருந்தனர்.

தனியார் விடுதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வனத்தின் மேற்கெல்லையில் சாபி சாண்ட் என்னும் தனியார் காடுகளிலே, ஓரிரவு தங்க நம் நாட்டு ஆசிரியரின் பலமாதச் சம்பளம் வேண்டும். ஸ்குகுசாவிலோ பழைய புகையிரதப் பாலத்தின் மீதே பெட்டிகளை நிறுத்தி 2020 இன் இறுதியில் ஒரு விடுதி திறந்திருக்கிறார்கள். பெட்டியிற் படுத்தவாறே கீழே ஆற்றில் முதலையைப் பார்க்கலாம். நாம் அதனைத் தூரத்தே நின்று பார்த்து மகிழ்ந்தோம். பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

நிற்க. நமது உள்ளத்தை முற்றாகக் கவர்ந்தது பின் நான்கு இரவுகளே. ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு மீண்டு, சாம்பியாவின் தலைநகராகிய லுசாக்காவுக்கு ஆகாயமார்க்கமாகச் சென்று, அங்கிருந்து சிறு விமானமொன்றில் முஃபுவே என்னுமிடத்தில் இறங்கினோம். சாம்பேசி மாநதியின் கிளையாறாகிய லுவாங்வா ஓடும் பள்ளத்தாக்கு அது. தென் லுவாங்வா தேசிய வனம் சுமார் 9,000 சதுர கிலோமீற்றர். ஆற்றுக்கு இக்கரையில் கிராமங்கள், அக்கரையில் வனம். இடையே வேலியில்லை. யானைகள் ஆற்றைக் கடந்து வருகின்றன. விடிய முன் கடந்து செல்கின்றன. முஃபுவேயிலுள்ள விடுதியொன்றில், காட்டுமாம்பழம் பழுக்கும் ஒக்டோபர் நவம்பர் மாதங்களிலே யானைக் குடும்பமொன்று வரவேற்பு மண்டபத்தினூடே நடந்து சென்று முற்றத்து மரத்திற் பழம் உண்ணும் வழக்கம் உலகப் பிரசித்தமானது. மண்டபத்தைக் கட்டியவர்கள் அதன் வழியில் கட்டிவிட்டார்கள். யானை தன் வழியை மாற்றவில்லை.

இப்பள்ளத்தாக்கில் உல்லாசப் பிரயாணிகளுக்கு முகாம் அமைக்கும் வழக்கத்தைத் தொடக்கியவர் நோர்மன் கார் என்னும் ஆங்கிலேயர். யானை வேட்டைக்காரராயிருந்து காவலராக மாறியவர். 1950 இல், குண்டா மக்களின் தலைவர்களுள் ஒருவராகிய நிசெஃபு என்பாரிடம் சென்று, 'உங்கள் நிலத்தில் ஒரு பகுதியை மிருகங்களுக்கு விடுங்கள். பார்க்க வருவோர் தரும் பணம் உங்கள் மக்களுக்கே சேரும்' என்று பேசி உடன்பாடு கண்டார். வட ரொடீசியா என வழங்கிய அந்நாட்டில் குடியேற்ற ஆட்சி நடந்த காலம் அது. ஸ்குகுசா 'துடைத்துப் பெருக்கிய' கதையோடு இதனை ஒப்புநோக்கினால், ஒரே பணிக்கு இருவேறு வழிகள் இருந்தன என்பது புலனாகும். துப்பாக்கிக்கு மாறாகக் கண்ணை மட்டும் கொண்டு காட்டில் நடக்கும் நடைச்சுற்றுலாவையும் இங்கே தொடக்கி வைத்தவர் அவரே.

நாம் தங்கிய முகாம் ஒரு வரண்ட மணலாற்றின் கரையிலிருந்தது. ஆறு குடிசைகள். சுவர் நாணற்புல், கூரை புல், தரை துப்புரவாகக் கூட்டிய மண். ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின் வைகாசி அளவில் இதனைக் கட்டுகிறார்கள். நவம்பரில் மழை தொடங்குமுன் பிரித்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் பாதையே இராது. லுவாங்வா ஒவ்வொரு வெள்ளத்திலும் கரையை அரித்துத் தன் போக்கை மாற்றிக் கொள்ளுகின்ற ஆறு. கல்லாலும் சீமெந்தாலும் கட்டியவர்கள் ஆற்றோடு வழக்காட நேரிடும். நமது பனையோலைக் கொட்டிலின் அருமை அறிந்தவர்களுக்கு அந்த நாணற் குடிசையின் குளிர்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ? குளிப்பதற்கு, விறகடுப்பில் காய்ந்த வெந்நீரை ஒரு வாளியில் நிறைத்து மரக்கொம்பில் ஏற்றிவிடுவார்கள். வாளியின் அடியில் பூவாளித் தலை. மேலே கூரையில்லை. விண்மீனைப் பார்த்துக்கொண்டு குளித்தோம். நுளம்பு வலை அவசியம். மலேரியா மாத்திரையும் விழுங்கவேண்டும். 2016 இலே மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றுவிட்ட நாம், நம் பாட்டனார் காலத்து அச்சத்தை அங்கே மீண்டும் அறிந்தோம்.

இருட்டியபின் காவலாளர் துணையின்றிக் குடிசைக்கும் உணவுப் பந்தலுக்குமிடையே ஒரு அடியும் எடுத்து வைக்கக்கூடாது. ஏனென்றால் வேலியில்லை. நீர்யானை இரவில் கரையேறி நாற்பது கிலோ அளவு புல் மேயும். அதன் பாதையும் நம் பாதையும் ஒன்றே. முதல் இரவு நமக்கு உறக்கமில்லை. சிங்கத்தின் கர்ச்சனை எட்டுக் கிலோமீற்றர் வரை கேட்கும் என்று படித்திருக்கிறோம். ஆகவே, கேட்கும் ஒலி எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றது என்று கணக்கிட முயன்றோம். இரண்டாம் சாமத்தில் கர்ச்சனை நின்றது. நின்றதே அதைவிட அச்சந் தந்தது. அதன்பின் மிக அண்மையில் 'சரக், சரக்' என்று புல் அறுபடும் ஓசையும், பெருவயிறொன்றின் உறுமலும் கேட்டன. நாணற் சுவரின் இடுக்கால் நோக்கினோம். நிலவொளியில் ஒரு யானையின் கால், கைநீட்டினால் எட்டும். அது சென்றதைக் கண்டோமேயன்றிக் கேட்டோமில்லை. இத்துணைப் பெரிய உடம்பு இத்துணை மெதுவாக அடிவைக்கும் என்பதை நூலிற் படித்து மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோம், அன்றுதான் அறிந்தோம். காலையில் மைத்துனர், "அத்தான், நல்ல நித்திரையோ?" என்று கேட்டார். அவருடைய கண்களும் சிவந்தே இருந்தன.

விடியற் காலையில், நெருப்பின்மேல் வாட்டிய பாணும் சோளக் கஞ்சியும் அருந்திய பின் நடை தொடங்கும். துவக்கேந்திய அரசாங்க வனக்காவலர் முன்னே, அடுத்து வழிகாட்டி, பின் நாம், கடைசியில் தேநீர்க் கேத்திலும் கோப்பைகளும் சுமக்கும் இளைஞர். ஒற்றை வரிசை, பேச்சில்லை, என்ன நேர்ந்தாலும் ஓடலாகாது. காரில் இருந்து பார்த்த காடும் காலால் நடந்த காடும் ஒன்றல்ல. காரிலே மிருகத்தைத் தேடுகிறோம். நடையிலே சுவடு, எச்சம், முறிந்த கொப்பு, கத்தும் பறவை என்னும் சிறு எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கிறோம். யானையின் இலத்தியைக் காலாற் கிளறி அதனுள் முளைவிட்ட வித்தொன்றை வழிகாட்டி காட்டினார். கறையான் புற்றொன்றின்மேல் தழைத்து நின்ற மரத்தைப் பார்த்து நாம் நின்றுவிட்டோம். புளியமரம்! தாவரநூலார் அதன் பெயரிலே இந்தியாவைச் சேர்த்து வைத்திருப்பினும் அது ஆபிரிக்கக் காட்டுக்கே உரிய மரம் என்று அவர் கூறினார். ஓர் இலையைக் கிள்ளி வாயிலிட்டோம், அதே புளிப்பு. மன்னாரிலும் நெடுந்தீவிலும் நாம் அதிசயமாகக் காட்டும் பெருக்கமரம், அங்கே சாதாரணமாக நின்றது. இடைப்பகலில் நிழலில் அமர்ந்து தேநீர் அருந்துகையில், நூறு யார் தொலைவில் பெண் யானைகளும் கன்றுகளும் வரிசையாகக் கடந்தன.

அவற்றுட் பலவற்றுக்குக் கொம்பில்லை. நம் நாட்டில் கொம்பில்லாத அலியன் யானையே மிகுதி, கொம்பன் அரிது. ஆபிரிக்க யானைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்புண்டு. பின் இவை ஏன் இப்படி என்று கேட்டோம். வழிகாட்டி சொன்ன விடை நெஞ்சை உலுக்கியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தந்தத் திருடர் இப்பள்ளத்தாக்கின் யானைகளிற் பெரும்பகுதியைக் கொன்று குவித்தனர். கொம்புள்ளவை மாண்டன, கொம்பில்லாதவை பிழைத்துக் கன்றீன்றன. ஆய்வாளர் கணக்கின்படி 1969 இல் கொம்பில்லாப் பெண் யானைகள் நூற்றுக்குப் பத்தளவில் இருந்தன; 1989 இல் நூற்றுக்கு முப்பத்தெட்டளவாயின. கருங்காண்டாமிருகமோ நாட்டிலேயே அற்றுப்போயிற்று. 2003 முதல் வட லுவாங்வா வனத்தில் மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

முன்னே துவக்கோடு நடந்த வனக்காவலர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், குண்டா இனத்தவர், அதிகம் பேசாதவர். கடைசி மாலை அவர் நம்மோடு நெருப்பருகே அமர்ந்தார். நிசிமா என்னும் சோளக்களியும், பூசணியிலையை நிலக்கடலை மாவிட்டு அவித்த கறியும் வந்தன. களியைக் கையால் உருட்டி, குழித்துக் கறியைத் தொட்டுத் தின்னும் முறை நமக்குப் புதியதன்று. குரக்கன் களி தின்றவர்கள் நாம். நாம் கரண்டி கேளாதது கண்டு அவர் முகம் மலர்ந்தது. அப்பொழுதுதான் பேசத் தொடங்கினார்.

அவருடைய வயல் ஆற்றின் இக்கரையில். சோளம் பால்பிடிக்கும் மாசி பங்குனியில் யானைகள் வரும். ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு போய்விடும். இழப்பீடு கிடையாது. அவருடைய மூத்த தமையனார் வயலிற் காவலிருந்த இரவொன்றில் யானையால் மாண்டாராம். "நீங்கள் பகலில் காப்பாற்றுவதும் அதே யானையைத்தானே?" என்று மைத்துனர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். அவர் சற்று நேரம் நெருப்பைப் பார்த்திருந்தார். "ஆம். அதே யானைதான். அதன் சம்பளத்தில்தான் தமையனாரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்" என்றார்.

நம் நாட்டு நிலையை விசாரித்தார். 2023 இல் மட்டும் நானூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர் என்றோம். உயிர் போனால் அரசாங்கம் ஒரு தொகை தரும் என்பதையும் சொன்னோம். யானைகள் எத்தனை என்று கேட்டார். ஆறாயிரம் அளவில் இருக்கலாம் என்றோம். "அவ்வளவு குறைந்த யானைக்கு இவ்வளவு சாவா?" என்று வியந்தார். நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மின்சார வேலிகள் போட்டிருக்கிறோம் என்றோம். "வேலி நல்லதுதான். யார் பார்த்துக்கொள்வது?" என்றார்.

அவர்கள் கையாளும் உபாயத்தைச் சொன்னார். மிளகாய்த் தூளையும் யானை இலத்தியையும் குழைத்துக் கட்டியாக்கி வெயிலில் உலர்த்தி, இரவில் வயலின் நாற்புறமும் புகையவிடுவார்கள். மிளகாய்ப் புகை யானைக்கு ஆகாது. எல்லா இரவும் பலிக்காது. பல இரவுகளில் பலிக்கும். மிளகாய் கிடைப்பதுதான் சிரமம் என்றார். மிளகாயா? நம் ஊரிலே தோட்டந் தோட்டமாகச் செய்கிறோமே என்று பெருமை பேசினோம். அப்படியானால் கொஞ்சம் விதை அனுப்ப முடியுமா என்று கேட்டார். விதையை நாடு விட்டு நாடு அனுப்பச் சட்டம் எளிதில் இடங்கொடாது என்றோம்.

"தூளாகவாவது?" என்றார்.

ஊர் திரும்பி மூன்றாங் கிழமை, நல்ல உறைப்பான தூளாக இரண்டு கிலோ இடிப்பித்து, முகாமின் விலாசமிட்டுத் தபாற் கந்தோருக்குக் கொண்டு சென்றோம். பொதியை நிறுத்த எழுதுவினைஞர் விலாசத்தைப் படித்துவிட்டு, "சாம்பியாவிலும் உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ, மாஸ்ரர்? ஆருக்கு இவ்வளவு தூள்?" என்று கேட்டார்.

யானைக்கு என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் முத்திரையைக் குத்தினார்.